ஐந்திணை அறைக்குச் செடி வாங்கி ₹1,47,500 இழந்தேன்: இணையத்தில் மொத்தமாகச் செடி வாங்குவோர் கவனத்துக்கு

இணையத்தில் மொத்தமாகச் செடி வாங்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள். ₹1,47,500 போய்விட்டது. போய் நான்கு நாள்தான் ஆகிறது. பணம் போனதுகூட இரண்டாம் பட்சம். பிள்ளைகள் கையில் நஞ்சைக் கொடுத்திருப்பேன். அதை எங்காவது சொல்லாமல் தூக்கம் வரவில்லை.

நான் மதுரையில் கண்காட்சி அரங்குகள் வடிவமைக்கிறேன். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்காக ‘ஐந்திணை’ என்று ஓர் அறை செய்யும் வேலை. அங்கே தமிழாசிரியராக இருப்பவர்தான் இதற்குக் காரணம். அவருக்கும் பார்வை கிடையாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களையும் தடங்கல் இல்லாமல் சொல்வார். “பிள்ளைங்களும் மனப்பாடம் பண்றாங்கம்மா, ஆனா அதுல எத்தனை பூவைத் தொட்டிருப்பாங்க?” என்று ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த அறை.

படமோ பலகையோ கிடையாது. கூடத்தைத் துணியால் ஐந்தாகத் தடுத்து, ஒவ்வொரு நிலத்தையும் காலாலும் கையாலும் மூக்காலும் அறியும்படி செய்ய வேண்டும். மருதத்தில் சேறும் நெல் நாற்றும், நனைந்த வெட்டிவேர் வாசமும். நெய்தலில் மணல், உப்பு, தாழை. பாலையில் சூடேறிய பரல்கல், தலைக்கு மேல் வெப்ப விளக்கு, நடுவில் வெப்பாலை மரக்கன்றுகள். முல்லைக்குச் செம்மண் பரப்பி, இரண்டு பக்கமும் கை உயரத்துக்குக் கொடி. முல்லை மாலையில்தான் விரியும், சங்கப் பாட்டிலும் முல்லைக்குப் பொழுது மாலைதான். அதனால் அறை திறக்கும் நேரத்தையே மாலை 5 முதல் 8 வரை என்று வைத்தோம்.

கூடத்துக்குள் உயிருள்ள செடியை வைப்பது லேசான காரியம் இல்லை. வெயிலில் வளர்ந்த செடியைத் திடீரென்று உள்ளே கொண்டுவந்தால் இலையைக் கொட்டிவிடும். இரண்டு மூன்று வாரம் நிழல்வலையின் கீழ் வைத்துப் பழக்க வேண்டும். உள்ளேயும் செடி வளர்க்கும் விளக்கு தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது எரிய வேண்டும். அந்த இடமும் ஆளும் என்னிடம் இல்லை. செடிகளைப் பழக்கிக் கொடுக்கிற ஆளைத் தேடிப் போய்த்தான் இதில் மாட்டினேன்.

நாற்றுப்பண்ணைகளையும் வாங்குவோரையும் இணைத்துவிடும் ஓர் இணையத் தளம். பெயர் சொல்லப் போவதில்லை. அதில் நல்ல நட்சத்திர மதிப்பீடு உள்ள ஒரு விற்பனையாளர். முதல் அழைப்பிலேயே அவரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று, “நீலக்குறிஞ்சி கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் மேடம். அது 1300 மீட்டருக்கு மேல இருக்கிற மலைச்செடி, மதுரைச் சூட்டுல நிக்காது. 2018ல பூத்துச்சு, இனிமே 2030லதான். பூவோட தர்றேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அதுக்குப் பதிலா எலுமிச்சைப்புல் வைங்க, தொட்டாலே கை மணக்கும்.”

இந்த இடத்தில்தான் விழுந்தேன். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து உண்மை பேசுகிற மனிதர் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சரிபார்க்கவில்லை. நிழல்வலைக் கூடாரத்தை வீடியோ அழைப்பில் காட்டினார். தொட்டி தொட்டியாக முல்லை, மொட்டோடு. போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

ஒன்றை மட்டும் மூன்று முறை சொன்னேன். தொட்டுப் பார்க்கப் போவது பிள்ளைகள், பார்வை இல்லாத பிள்ளைகள், நஞ்சுள்ள செடி ஒன்றுகூடக் கூடாது. குறிஞ்சிக்குக் காந்தள் வைக்க எனக்கு அவ்வளவு ஆசை. நம் மாநில மலர், தொட்டால் சுடர் மாதிரி வளைந்த இதழ். கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் அதையே வேண்டாம் என்று விட்டவள் நான். எழுத்திலும் அனுப்பினேன். “புரியுது மேடம், நானும் பிள்ளைக்குட்டிக்காரன்தான்” என்றார்.

முன்பதிவுக்கு ₹20,000 தளத்தின் வழியே கட்டினேன். மீதியைத் தளத்தில் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரடியாக அனுப்பினால் அந்தப் பணத்துக்குக் கூடுதலாகச் செடி தருகிறேன், பள்ளிக்கூடத்துக்குத்தானே என்றார். ₹1,27,500. யுபிஐயில் ஒரே நாளில் அவ்வளவு போகாது என்பதால் முதல் நாள் ₹1,00,000, மறுநாள் ₹27,500. நடுவில் ஓர் இரவு முழுக்க யோசிக்க நேரம் இருந்தது. யோசிக்கவில்லை. பழைய மாணவர்கள் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்த்துக் கொடுத்த பணம் அது.

திறப்பு விழா சனிக்கிழமை. செடி வந்தது செவ்வாய் இரவு பத்தரைக்கு. மூன்று வாரம் முன்பே நிழலில் பழகி, திங்கள் காலையே வந்திருக்க வேண்டியது. வண்டிக்காரர் ஓடிபி சொன்னால்தான் இறக்குவேன் என்று நின்றார். சொன்னேன். ஓடிபி சொன்னாலே ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று பதிவாகிவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கூடம் முழுக்க ஒரு நெடி. முல்லை வாசம் என்று அந்த அவசரத்தில் நினைத்துக்கொண்டேன். வேலை முடிகிறவரை பொறுமையாகக் காத்திருந்த ஆசிரியர் உள்ளே வந்து ஒரு மூச்சு இழுத்தார். “இது பூ வாசம் இல்லையேம்மா, ஊதுபத்தி வாசமாட்டம் இருக்கு.” கொடியில் விரல் வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. ஏதோ செண்ட்டை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தொட்டியில் கொடியை லேசாகத் தூக்கினேன், கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. வெட்டிய கொம்பைத் தென்னைநார்க் கழிவில் குத்திவைத்திருக்கிறார்கள். 60 தொட்டியில் 41 அப்படி.

அதற்குள் ஆசிரியர் தட்டுத் தடவிப் பாலைப் பக்கம் போய்விட்டார். அவருக்கு வெப்பாலை மரத்தின் மேல்தான் ஆசை. சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் நின்றதாம். நுனியில் ஒட்டிக்கொண்டு இரட்டையாகத் தொங்கும் அதன் காயைப் பற்றியும், இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாவதை அவருடைய அம்மா சொன்னதைப் பற்றியும் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு கன்றின் தண்டைப் பிடித்து, விரலால் கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டே போனார். நின்றார்.

“ஏம்மா, இது வெப்பாலை இல்லையே. வெப்பாலைக்குக் கணுவுக்கு ரெண்டு இலைதான். இதுல மூணு மூணா இருக்கு. இலையும் தடிப்பா, நீட்டமா இருக்கு. இது அரளிம்மா.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், “சோப்பு எங்க இருக்கு? கையைக் கழுவணும்” என்றார்.

34 கன்று. முப்பத்து நான்கும் அரளி. இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு, வயிற்றுக்குள் போனால் இதயத்தைத் தாக்கும். இலையைக் கிள்ளிய விரலை வாயில் வைக்காத பிள்ளை உண்டா? அந்த அறையின் வேலையே கிள்ளிப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும்தானே? நான் கண்ணால் பார்த்து ஓடிபி சொல்லி இறக்கிய செடி, அவர் விரலால் பிடிபட்டது. அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

(நியாயமாகச் சொல்ல வேண்டும்: தாழை சரியாக வந்தது, வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் பரவாயில்லை. ஆம்பல் தொட்டிகளில் பாதி அழுகல்.)

மறுநாள் காலை எட்டு மணிக்கு அழைத்தேன். “டிராவல் ஷாக் மேடம், ரெண்டு நாள் தண்ணி ஊத்துங்க.” வேர் இல்லாத கொம்புக்கு எத்தனை நாள் ஊற்றுவது? அரளியைக் கேட்டேன். “வெப்பாலை ஸ்டாக் இல்ல. அரளியும் வறட்சிக்குத் தாங்குற செடிதானே, பாலைக்குப் பொருத்தமாத்தான் அனுப்பியிருக்கோம்.” இதைச் சொன்னவர் பிள்ளைக்குட்டிக்காரர். பிறகு “மீட்டிங்ல இருக்கேன்”, பிறகு “தளத்துல டிக்கெட் போடுங்க”. டிக்கெட் போட்டேன். உயிருள்ள பொருளுக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை, பிரித்த வீடியோவை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியிருக்க வேண்டும், மேலும் ₹1,27,500 தளத்துக்கு வெளியே கட்டியது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்று பதில். விற்பனையாளர் தளத்தைக் காட்டுகிறார், தளம் விற்பனையாளரைக் காட்டுகிறது. தளத்தின் உதவி எண்ணை மூன்றாவது முறை அழைத்தபோது பேசிய பெண், பாவம், எழுதிவைத்ததையே திரும்பப் படித்தார். கடைசியில் ‘நல்லெண்ண அடிப்படையில்’ ₹500 கூப்பன். ₹1,47,500க்கு ₹500. அன்று மாலையே விற்பனையாளர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லியிருக்கிறேன். இனிச் செடி வாங்குகிறவர்களுக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஓடவில்லை, அவசரத்துக்கு இவை மட்டும். நேரில் போய்ப் பாருங்கள், வீடியோவில் காட்டியதை நம்பாதீர்கள். நான்கைந்து தொட்டியிலாவது செடியைத் தூக்கி வேர் பாருங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், யார் எவ்வளவு உண்மை பேசினாலும். இறக்கிப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். தொட்டுப் பார்க்கும் கண்காட்சி என்றால், செடி தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கன்றையும் கையில் எடுத்துப் பார்க்காமல் உள்ளே விடாதீர்கள்.

திறப்பு விழாவை இரண்டு வாரம் தள்ளிவைத்திருக்கிறோம். மதுரைப் பக்கம் யாரிடமாவது காய் பிடித்த வெப்பாலை மரம் இருந்தால் சொல்லுங்கள், ஒரு கிளை போதும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அந்த 34 அரளியையும் கையுறை போட்டுச் சாக்கில் கட்டி, பூட்டிய அறையில் வைத்திருக்கிறேன். எரித்துவிடுங்கள் என்று காவலாளி சொன்னார். எரிக்கக் கூடாது, அதன் புகையும் நஞ்சு. புகாருக்கு ஆதாரமாகவும் அவை வேண்டும்.