ஜெராக்ஸ் கடையில் ஒரு போர் விமானம்

கோவையில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கல்லூரி வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு என் மதிப்புரை இது. பையன்கள் ரெக்கார்டு நோட்டோடு நிற்கிற வரிசையில் நான் எச்.எஃப்-24 மாருத் விமானத்தின் பிளானோடு நின்றேன். ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1961 ஜூனில் முதன்முதலாகப் பறந்த போர் விமானம். அதன் மாதிரியைப் பால்சா என்ற லேசான மரத்தில் செதுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கையில் இருந்த படம் 1/72, அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. எனக்கு வேண்டியது 1/48.

கணக்கு லேசுதான். இருக்கிற 72-ஐ வேண்டிய 48-ஆல் வகுத்தால் ஒன்றரை, அதாவது 150 சதவீதம். 15.87 மீட்டர் விமானம் படத்தில் 220 மி.மீ. இருக்கிறது, அது 331 ஆக வேண்டும். ஏ4 தாளின் ஓர வெள்ளையை விட்டுவிட்டால் ஏ3-இல் அடங்கிவிடும்.

முதல் நாள் மிஷினில் நின்ற தம்பி, "ஏ4-ல இருந்து ஏ3 தானுங்க சார்?" என்றபடியே ஒரு பொத்தானை அமுக்கிவிட்டான். நகல் பளிச்சென்று வந்தது. பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்து ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் 311! அந்தப் பொத்தான் 141 சதவீதம். தாளின் பரப்பை இரட்டிப்பாக்கத்தான் அது. என் மாருத் 1/51 ஆகிப்போனது. அதற்கு ஜோடியாக நிறுத்த என் அலமாரியில் அந்த அளவில் ஒன்றும் கிடையாது. அளக்காமல் வாங்கி வந்தது என் தப்பு.

மறுநாள் 150 என்றே அடிக்கச் சொன்னேன். அடித்தான், ஆனால் தாளை மேலே ஃபீடரில், அதாவது தாளைத் தானாக உள்ளே இழுக்கிற தட்டில், செருகிவிட்டான். இறக்கை முனைக்கு முனை 187.5 மி.மீ., அச்சு அசல். நீளமோ 329. ஃபீடரில் தாள் ஓடுகிற வேகம் கொஞ்சம் பிசகினாலும் ஓடுகிற திசையில் மட்டும் அளவு மாறும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் சதவீதத்தை ஏற்றிச் சரிக்கட்டலாம். இதை என்ன செய்வது?

கடைக்கார அக்கா வந்த பிறகுதான் காரியம் நடந்தது. மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, படத்தைக் குப்புற வைத்தார். அதற்குள் நான் ஓரத்தில் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று 100 மி.மீ. கோடுகள் இரண்டு போட்டிருந்தேன். நகலில் இரண்டும் 150 வந்தன. பின்னால் நாலு பேர் நிற்க, கல்லா மேஜையில் ஸ்கேலை வைத்து அளக்க விட்டார் பாருங்கள், அதற்கே நாலு நட்சத்திரம். சூடாக வரும் தாள் சற்றுச் சுருங்கியிருக்கும் என்பதால் ஒரு டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு முறையும் அளந்தேன். அக்கா முகம் சுளிக்கவில்லை.

ஐந்தாவது நட்சத்திரம் போனது மிஷினால். முழு சதவீதம்தான் எடுக்கிறது. நாட் (Gnat) என்ற சின்னப் போர் விமானத்தின் 1/32 படத்தை 1/48 ஆக்க 66.67 வேண்டும். 67 போட்டால் 182 மி.மீ. வர வேண்டிய நீளம் 183 வருகிறது. முதலில் 90, அந்த நகலை மறுபடி 74 என்று எடுத்தால் 66.6 கிடைக்கும், எடுத்தும் பார்த்தேன். அளவு சரி, ஆனால் நகலின் நகல் என்பதால் பேனல் கோடுகள், அதாவது விமான உடம்பின் தகடுகள் சேருகிற கோடுகள், ஈஷிக்கொண்டன. ஒரு மி.மீ. போகட்டும் என்று 67-ஐயே வைத்துக்கொண்டேன்.

போகிறவர்கள் மத்தியானம் இரண்டரை மணிக்குப் போங்கள், அக்கா இருப்பார். பிராஜெக்ட் ரிப்போர்ட் சமயத்தில் வேண்டாம். ஸ்பைரல் பைண்டிங் கூட்டத்தில் ஸ்கேலை வெளியே எடுக்கக்கூட இடம் இருக்காது.