உச்சி வெயிலுக்கு ஒரு வட்டத் துணி

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குலதெய்வக் கோயிலில்தான். நல்ல நேரம் எத்தனை மணிக்குக் குறித்திருந்தாலும் சனம் வந்து சேர, மொட்டை போட, தாய்மாமன் சீர் வந்து இறங்க, பன்னிரண்டு ஆகிவிடும். அதிலும் சித்திரை முதல் வாரத்தில் நம் ஊருக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஆளின் நிழல் காலடியிலேயே கிடக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை அந்த வெயிலில் படமெடுத்தால் படத்தில் மண்டை பர்ன் ஆகிவிடும், அதாவது வெறும் வெள்ளையாக வெளுத்துவிடும், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழி. வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று பதினான்கு வருடமாக இந்தக் குழியோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

போன வருடம் 1,350 ரூபாய் கொடுத்து 110 செ.மீ. ஃபைவ் இன் ஒன் ரிஃப்ளெக்டர், வெளிச்சத்தைத் திருப்பியும் வடிகட்டியும் தரும் வட்டத் துணி, ஒன்று வாங்கினேன். உள்ளே கம்பி வளையத்தில் ஒளி ஊடுருவும் வெள்ளைத் துணி. மேலே ஜிப் வைத்த உறை. உறையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் வெள்ளி, தங்கம், வெள்ளை, கறுப்பு. மடித்தால் மூன்றில் ஒரு பங்கு ஆகி வண்டியின் முன்னால் அடங்கிவிடுகிறது.

தங்கம் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்தேன். காதுகுத்துக்குப் போய் மஞ்சள் நீராட்டை எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. வெள்ளியை நேர் வெயிலில் பிடித்தால் கல்யாணப் பொண்ணு கண்ணைத் திறக்காது. ஆளை நிழலில் நிறுத்தி, பத்தடி தள்ளி வெயிலில் நின்று காட்டினால் சரி.

காசு கொடுத்தது உள்ளே இருக்கும் வெள்ளைத் துணிக்குத்தான். உறையைக் கழற்றிவிட்டு, தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில், படத்துக்குள் வராத அளவுக்குப் பிடிக்க வேண்டும். எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு மிருதுவான வெளிச்சம். மூக்கு நிழல் கரைந்துவிடும், நெற்றி வியர்வைப் பளபளப்பு அடங்கிவிடும். என்னிடம் இருப்பது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கிறது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அங்கேதான் ஒரு வம்பும் இருக்கிறது. முகத்துக்கு மட்டும் வெளிச்சம் குறைகிறதே தவிர, பின்னால் இருக்கும் பொட்டல் அப்படியே காய்கிறது. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னணி வெளுத்துப் போகும். அதனால் நான் முதலில் பின்னணியைத்தான் தேடுவேன்: கோயில் மண்டபத்து இருட்டு, இல்லாவிட்டால் அடர்ந்த கிளுவை வேலி. ஃபிளாஷ் அடித்துச் சரிக்கட்டலாமே என்பீர்கள். என் கேமராவில் சிங்க், அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200 நொடி. ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100-க்குக் குறைத்தாலும், அந்த வெயிலுக்கு லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டும். அப்போது பின்னணி மங்காது, பின்னால் நிற்கும் பந்திப் பாத்திரம் வரைக்கும் துல்லியமாகத் தெரியும்.

கொறங்காட்டு (எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்) வெள்வேல மரத்தடியை நிழல் என்று நம்பிப் போகாதீர்கள். பொடி இலை, முகமெல்லாம் வெயில் பொட்டு. வெயில் படும் இடத்துக்கும் படாத இடத்துக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் என்றால் எந்த மென்பொருளாலும் ஆகாது. அந்தப் பொட்டுகளையும் இந்தத் துணி ஒரே வெளிச்சமாக்கிவிடுகிறது. பச்சை வலைப் பந்தல்தான் அதற்கும் மசியாத இடம். அங்கே எல்லோர் முகத்திலும் பச்சை ஏறும். ஆட்களைப் பந்தல் ஓரத்துக்கு இழுத்து வருவதைத் தவிர வழியில்லை.

கறுப்பின் அருமையைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில்தான் கற்றேன். காங்கேயம் காளைக்கு உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் கறுப்பு. வெயிலில் கறுப்புக்குள் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும் என்று வெள்ளிப் பக்கத்தைக் காட்டினேன். பளீரென்று கண்ணில் அடித்ததும் காளை கயிற்றோடு ஆளையும் சேர்த்து நாலடி இழுத்துவிட்டது.

"ஏனுங் தம்பி, அந்தத் தட்டத்த மொதல்ல மடிச்சு வெய்யுங்" என்றார் காளைக்காரர், கோபப்படாமல். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. அப்புறம் காளையை ஆலமரத்தடிக்குக் கொண்டுபோய், ஒரு பக்கம் கறுப்பை நிறுத்தினேன். நாலு பக்கமும் வெளிச்சம் வரும் நிழலில் தட்டையாகத் தெரிந்த உடம்பு, அந்தப் பக்கம் இருட்டு விழுந்ததும் திரண்டு நின்றது.

குறைகள்? நாலாவது மாதமே ஜிப் விட்டுப்போனது. தையல்காரரிடம் கொடுத்து மாற்றினேன். மடிப்பதற்கு ஒரு வாரப் பழக்கம் வேண்டும், இரண்டு ஓரத்தையும் பிடித்து ஒரு கையை உள்ளேயும் மறு கையை வெளியேயும் முறுக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாமல் முடியாது. என் அக்கா பையன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான், அதுவும் பிரியாணிப் பந்தி இருந்தால்.

பெரிய குறை காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டால் இது காற்றாடி. அந்த இரண்டு மாதமும் பழைய முறைதான்: தாய்மாமன் பக்கத்து ஆட்கள் நாலு பேரிடம் ஒரு நாலு முழ வேட்டியைக் கொடுத்து, மூலைக்கு ஒருவராக விரித்துப் பிடிக்கச் சொல்வேன். தாயும் பிள்ளையும் சேர்ந்தே அடியில் அடங்குவார்கள், வளையத்தில் ஒருவர்தான் அடங்குவார். ஒன்று, நீலம் போட்ட வேட்டியாக இருக்கக்கூடாது. சந்தனம் சாம்பலாகிவிடும்.