டெலோரியனின் சாய்வு: கட்டைகளால் கட்ட மூன்று வழிகள்

1985-இல் வெளிவந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தின் கால இயந்திரக் காரை லெகோ கட்டைகளால் கட்ட விரும்புபவருக்கு மூன்று வழிகள் உண்டு. 2013-இல் வந்து, இப்போது உற்பத்தியில் இல்லாத 21103 என்ற எண்ணுள்ள 401 துண்டுகள் கொண்ட சிறிய தொகுப்பைத் தேடிப் பிடிக்கலாம். 2022-இல் வந்த 10300 என்ற, 1872 துண்டுகள் கொண்ட பெரிய தொகுப்பை எடுக்கலாம். அல்லது கணினியில் தாமே வடிவமைத்து, வேண்டிய துண்டுகளைத் தனித்தனியே வரவழைத்துக் கட்டலாம். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், இவற்றை எடைபோட நான் முதலில் பார்ப்பது காரின் முன்பக்கச் சாய்வைத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. படத்தின் கால இயந்திரத்துக்கு அடிப்படை, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த டெலோரியன் டிஎம்சி-12 கார். அதன் உடல் ஆப்பு வடிவமானது. கண்ணாடியும் பானெட்டும் சேர்ந்து மூக்கை நோக்கி இறங்கும் அந்தக் கோடுதான், தூரத்தில் நிழலாகத் தெரிந்தாலும், ‘இது டெலோரியன்’ என்று சொல்ல வைக்கிறது. பின்புறக் குழாய்கள், வயர்கள், புகைப்போக்கிகள் எல்லாம் படக்குழு அதன்மேல் ஏற்றியவை. மாதிரியில் அவற்றில் பாதி இல்லாவிட்டாலும் காரை அடையாளம் கண்டுகொள்ள முடியும். பானெட் தவறிவிட்டால் எஞ்சுவது ஏதோ ஒரு சாம்பல் நிறக் கார்தான்.

சிறிய தொகுப்பு தடுமாறுவது இங்கேதான். லெகோவில் பிளேட் எனப்படும் தட்டையான துண்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். இந்த அளவிலான காரில் பானெட்டின் மொத்த இறக்கமும் ஏறக்குறைய இரண்டு மூன்று பிளேட் உயரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த இறக்கத்தைப் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினால் சாய்வுக்குப் பதில் படிக்கட்டு கிடைக்கிறது. 21103-இன் மூக்கில் அந்தப் படிகள் வெளிப்படையாகவே தெரிகின்றன. இருந்தாலும் வடிவமைத்தவர்களின் சங்கடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள லெகோ பொம்மை மனிதரை ஆளுயரமாகக் கொண்டால் அளவு விகிதம் ஏறத்தாழ 1:44 ஆகிறது. அந்தக் கணக்கில் கார் 10 சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் அமைய வேண்டும். ஆனால் பொம்மை மனிதர் உண்மை மனிதரைவிட மிகவும் அகலமானவர். இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதென்றால் காரைப் பெரிதாக்கியே தீர வேண்டும். பொம்மைகளுக்கு இடம் விட்டால் உருவம் கெடுகிறது, உருவத்தைக் காத்தால் இடம் போதவில்லை. இந்த இழுபறிக்கு நடுவிலும் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளையும், பறக்கும் நிலைக்கு மடியும் சக்கரங்களையும் 401 துண்டுகளுக்குள் கொண்டுவந்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

பெரிய தொகுப்பு சுமார் 35 சென்டிமீட்டர் நீளம் கொண்டது, ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமுள்ள உண்மைக் காருடன் ஒப்பிட்டால் 1:12 என்ற விகிதத்துக்கு நெருக்கமாக வருகிறது. இந்த அளவில் அதே 3.2 மில்லிமீட்டர் பிளேட், உண்மைக் காரில் நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கும் தடிமனாகிறது. 1:44 அளவிலோ அது பதினான்கு சென்டிமீட்டர். மெல்லிய தகடு போலத் தோன்ற வேண்டிய கதவும் பானெட்டும் பெரிய மாதிரியில் நம்பும்படி அமைவதற்கும், சிறியதில் சுவர் போலத் தடித்து நிற்பதற்கும் இந்த ஒரு கணக்கே போதுமான விளக்கம். 10300-இன் பானெட்டை முடித்துவிட்டு, மேசைமட்டத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது, கண்ணாடியின் அடியிலிருந்து மூக்குவரை கோடு எங்கும் முறியாமல் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் காலப் பயணத்தைச் சாத்தியமாக்குவதாகப் படம் சொல்லும் ஒளிரும் ஃப்ளக்ஸ் கப்பாசிட்டரும், தேதிகள் அச்சிட்ட முகப்புப் பலகையும், புளூட்டோனியப் பெட்டியும் என் கண்ணில் பட்டன.

இந்தத் தொகுப்பில் ஒரு முடிவை நாமே எடுக்க வேண்டும். இந்தத் திரைப்படத் தொடரின் மூன்று படங்களுக்கும் உரிய உறுப்புகள் ஒரே பெட்டியில் வருகின்றன. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வடிவத்தையே நிறுத்தி வைக்க முடியும். இரண்டாம் படத்தின் மிஸ்டர் ஃப்யூஷன் என்ற, குப்பையை எரிபொருளாக்கும் கருவியும் மடிந்த சக்கரங்களும் காட்சிக்கு அழகு. மூன்றாம் படத்தின் வடிவத்தில் பக்கவாட்டில் வெள்ளை வளையமிட்ட டயர்களோடு பானெட்டின்மேல் மின்சுற்றுப் பெட்டியும் ஏறிக்கொள்கிறது. அது சாய்வை மறைத்துவிடுவதால் எனக்கு ஒப்பவில்லை. முதல் படத்தின் வடிவமே இந்தக் காரின் கோடுகளுக்கு நியாயம் செய்கிறது.

கதவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உண்மைக் காரில் கூரையில் பதித்த முறுக்குக் கம்பி கதவின் எடையைத் தாங்குகிறது. கட்டைகளில் அந்த வேலையைக் கீலின் உராய்வு செய்ய வேண்டியிருக்கிறது. கிளிக் வகைக் கீல் உறுதியாக நிற்கும், ஆனால் 22.5 பாகைப் படிகளில்தான் நகரும்; கம்பியைக் கவ்வும் கிளிப் வகை எந்தக் கோணத்திலும் நிற்கும், ஆனால் கதவு கனத்தால் மெல்லத் தொய்ந்துவிடும். தாமே வடிவமைப்பவர் இதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கூரையின் நடுத்தண்டு முழுவதும் இந்தத் தேர்வைச் சார்ந்தே அமைகிறது.

அந்த மூன்றாம் வழிதான் அதிக உழைப்பைக் கேட்பதும் அதிகம் கற்றுத்தருவதும். ஸ்டூடியோ போன்ற மென்பொருளில் துண்டுகளைச் சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றில் இடிப்பதை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் எடையால் எது தொங்கும் என்பதை அந்த எச்சரிக்கை சொல்லாது. திரையில் கம்பீரமாக நின்ற என் முதல் பானெட், கையில் எடுத்ததும் நடுவில் தொங்கிப்போனது. சாய்வுக்கான திறவுகோல் பக்கவாட்டுக் கட்டுமானத்தில் இருக்கிறது. ஐந்து பிளேட்டுகளை அடுக்கினால் உயரம் 16 மில்லிமீட்டர். துண்டின் மேலுள்ள, மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும் குமிழ்களில் இரண்டின் அகலமும் அதே 16 மில்லிமீட்டர். எனவே குமிழ்கள் பக்கவாட்டை நோக்கும்படி ஒரு பகுதியைத் திருப்பி வைத்தாலும் அது சுற்றியுள்ள அமைப்போடு இடைவெளியின்றிப் பொருந்தும். பானெட்டைத் தனிப் பலகையாகக் கட்டி, கண்ணாடிப் பக்கம் கீலிலும் மூக்குப் பக்கம் ஒரு பிளேட் தாழ்ந்த தாங்கியிலும் கிடத்தினால், படிக்கட்டு மறைந்து உண்மையான சரிவு கிடைக்கிறது. சிறிய அளவிலும் இது சாத்தியமே. 21103-ஐ வைத்திருப்பவர்கள் அதன் மூக்கை மட்டும் இப்படி மாற்றிக் கட்டிப் பார்க்கலாம்.

இதுவரை ஒரு டெலோரியனையும் கட்டாதவருக்கு நான் 10300-ஐத்தான் சொல்வேன். கட்டி முடிப்பதற்குள் சொந்த வடிவமைப்புக்குத் தேவையான நுட்பங்களில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அதன்பின் தாமே வடிவமைக்க இறங்குபவர் நிறத்தில் கவனமாக இருக்க வேண்டும். பூச்சு இல்லாத துருப்பிடிக்காத எஃகு உடலைக் காட்ட நமக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது வெளிர் சாம்பல்தான், அந்தச் சாம்பலிலும் இரண்டு உண்டு. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலச்சாயல் கொண்டவையாக மாற்றியது. அதற்கு முந்தைய துண்டுகள் சற்று மஞ்சளோடியவை. பழைய துண்டுகளை மொத்தமாக விற்ற ஒருவரிடம் வாங்கியவற்றை இரவு விளக்கில் பிரித்துப் பார்க்காமல் பொருத்தினேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் இடது கதவு மட்டும் பழுப்பேறியது போல நின்றது. அன்றிலிருந்து சாம்பல் துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல் பரப்பிப் பிரித்த பிறகே கட்டத் தொடங்குகிறேன்.