ராத்திரி வரிசையா, குலுக்கலா, ஆறாங்கிளாஸ் வரை பொறுப்பதா?

பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பேருக்கு என்ன விலை என்பது, எல்.கே.ஜி. படிவம் கொடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி பெயர்பெற்ற பள்ளிகளின் கேட் ஓரமாக நடந்து பார்த்தால் தெரியும். செருப்பு, துண்டு, தண்ணி பாட்டில், கொசுவர்த்தி. யாரோ ஒருத்தர் கையில் ஒரு நோட்டு. "அண்ணாச்சி, நோட்டுல பேரு எழுதிட்டியளா?" என்பதுதான் அங்கே வணக்கம். அந்த நோட்டுக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை என்பது காலையில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போதுதான் பலருக்கு உறைக்கும்.

வரிசை ஒன்றுதான் வழி என்று இல்லை. ஆனால் மற்ற வழிகளை யாரும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு மயினி நின்றாள், நாமும் நிற்கிறோம்.

முதலில் வரிசையையே எடுத்துக்கொள்வோம். சிபாரிசு இல்லை, காசு இல்லை, முந்தி வந்தவருக்கு முதல் இடம் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தி வர யாரால் முடியும்? பெருமாள்புரத்துக்காரர் பைக்கில் வந்து துண்டைப் போட்டுவிட்டு, "செத்த பாத்துக்கிடுங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்ட்டுட்டு வந்திருதேன்" என்று கிளம்பிவிடலாம். மானூர்ப் பக்கமிருந்து வருகிறவர் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால் விடிகிற வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மேலப்பாளையத்தில் புருஷன் வளைகுடாவில், கையில் பச்சைப்பிள்ளை, சுற்றினால்தான் பீடிக்கூலி என்றிருக்கிற பெண் எங்கே போய் நிற்பாள்? தாய்மாமனோ தாத்தாவோ இருந்தால் உண்டு. கூலி கொடுத்து ஆள் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, காசு இல்லாத வழி என்பதும் பாதிப் பொய்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்து வாங்குகிற டோக்கன் எதற்கு? பெரும்பாலும் படிவத்துக்கு. சீட்டுக்கு அல்ல. அண்ணன், அக்கா ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள், ஆசிரியர் பிள்ளைகள், சிறுபான்மைப் பள்ளி என்றால் அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுகிற இடம் வரிசையின் நீளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. "மொத்தம் எத்தனை படிவம் கொடுப்பீங்க? அதுல புதுப் பிள்ளைகளுக்கு எத்தனை சீட்டு?" இந்த இரண்டு கேள்வியையும் ஒரு வாரம் முன்னாலேயே அலுவலகத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பள்ளி வாசலில் நான் பாய் விரிக்க மாட்டேன்.

ஆன்லைன் படிவம் வந்த பிறகு தெருவில் கிடக்கிற அவதி போய்விட்டது என்கிறார்கள். போனது கொசுக்கடி மட்டும்தான். எத்தனை மணிக்குத் திறக்கும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதும் வரிசைதான். நல்ல நெட்டும், ஆங்கிலப் படிவத்தைத் தடங்கலில்லாமல் நிரப்பத் தெரிந்த ஆளும் வீட்டில் இருப்பவர் முன்னால் நிற்கிறார். மற்றவர் பிரௌசிங் சென்டரில் நிற்கிறார். இதற்குமேல் இதைப் பேச எதுவும் இல்லை.

குலுக்கல்தான் நம் ஆட்களுக்குப் பிடிக்காத வழி. "நம்ம கையில ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். எனக்கு அதுதான் அதில் இருக்கிற நல்ல குணமாகப் படுகிறது. 2009-ஆம் வருட கல்வி உரிமைச் சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையை எடுக்கக் குலுக்கல் போன்ற முறையைத் தவிர எதைக் கையாண்டாலும் அது வடிகட்டல் என்கிறது சட்டம். பிள்ளைக்குப் பரீட்சை, பெற்றோருக்கு நேர்காணல் எல்லாம் அதில் அடங்கும். முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை. ராத்திரி நிற்க முடிந்தவரை எடுப்பதும் ஒரு வடிகட்டல்தானே என்று கேட்டால் வாதாட இடம் இருக்கிறது.

அதே சட்டத்தில்தான் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் இலவசமாக வருகிறது. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு முன்னுரிமை. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். வருட வருமானம் இரண்டு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் நலிவடைந்த பிரிவில் கேட்கலாம். நம் ஊரில் இதில் ஒரு முடிச்சு உண்டு. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னது. பாளையில் ஜனங்கள் விடிய விடிய நிற்கிற பள்ளிகளில் எத்தனை கிறிஸ்தவப் பள்ளிகள் என்று எண்ணிப் பாருங்கள். இலவச இடத்தை நம்பி அந்த வாசலுக்குப் போவதில் பிரயோசனம் இல்லை. கே.டி.சி. நகர், தச்சநல்லூர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற மற்ற மெட்ரிக், நர்சரி பள்ளிகளைப் பார்க்கலாம். இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். புத்தகம், சீருடை, வேன் என்று தனியாகக் காசு கேட்பது சகஜம். 2025-இல் மத்திய அரசு நிதி வராத தகராறில் இந்தச் சேர்க்கை வழக்கமான காலத்தில் நடக்காமல் அக்டோபர் வரை இழுத்ததையும் மறக்க வேண்டாம். இதை ஒன்றை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

கேந்திரிய வித்யாலயாவிலும் குலுக்கல்தான். மாவட்டத்தில் விஜயநாராயணத்திலும் மகேந்திரகிரியிலும் இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் போகத்தான் மற்றவர்களுக்கு. அந்தப் பக்கத்தில் குடியிருந்தால் போட்டுப் பாருங்கள், திருநெல்வேலி டவுனிலிருந்து வேண்டாம்.

எல்.கே.ஜி.யில் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் பன்னிரண்டாவது வரை கவலையில்லை என்ற நினைப்புதான் ராத்திரி வரிசையை நடத்துகிறது. பாளையிலும் டவுனிலும் நூறு வருடம் தாண்டிய, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகள் இருக்கிற ஊரில் இப்படி நினைக்க அவசியம் இல்லை. நம் அப்பா, சித்தப்பா காலத்தில் தெருவோரப் பள்ளியில் அஞ்சாவது வரை படித்துவிட்டு ஆறாவதுக்குத்தான் அங்கே போனார்கள். அந்தக் கதவு இன்னும் மூடவில்லை. மூன்று வயதுப் பிள்ளையை மத்தியானம் வேனில் தூங்கவைத்துக் கூட்டிவருவதைவிட, வீட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் போட்டு ஆறாவதில் மாற்றுவது மோசமில்லை. அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் 2023-லிருந்து காலைச் சாப்பாடும் உண்டு. ஆங்கில வழி வகுப்பும் நிறைய அரசுப் பள்ளிகளில் இருக்கிறது.

ஆறாவதில் எங்கே என்பதுதான் கணக்குப் போட வேண்டிய இடம். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அது ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. கல்லூரிக்குப் போனதும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளிக்கும் உண்டு, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் அதற்கும் உண்டு. பழைய பள்ளியின் மைதானமும் ஒழுங்கும் பேரும் வேண்டும் என்பவர் உதவிபெறும் பள்ளிக்குப் போகலாம். பிள்ளை டாக்டர் ஆக வேண்டும் என்று வீட்டில் ஆசை ஓடுகிறது என்றால் அரசுப் பள்ளியை ஒதுக்குவது புத்திசாலித்தனம் இல்லை. அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிப்பவர்கள் டவுனில் கல்லணை மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியைச் சேர்க்கை நேரத்தில் போய்ப் பார்க்கட்டும். அங்கேயும் பெற்றோர் கூட்டம்தான்.

என் கணக்கு இது. பள்ளி நடக்கிற தூரத்தில் இருந்து, படிவமே சீட்டு என்று எழுத்தில் சொன்னால் வரிசைக்குப் போகலாம். ஒரு கிலோமீட்டருக்குள் நல்ல பள்ளி இருந்து தகுதியும் இருந்தால் முதலில் 25 சதவீதம். இரண்டும் இல்லையென்றால் ஆறாவது வரை பொறுப்பது. முன்னீர்பள்ளம், சேரன்மகாதேவிக்காரர்களுக்கு நான் முதலிலேயே மூன்றாவதைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பேர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பேர் வைக்காமல் வாங்கிய சான்றிதழ் பல வீடுகளில் அப்படியே பீரோவில் கிடக்கிறது. ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பேர் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி வர நாளாகும். விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு போனால் அங்கேயும் ஒரு வரிசை இருக்கும்.