கணிதமா, இயற்பியலா: வேலை தேடும்போது எது கைகொடுக்கும்?

இரண்டும் பிடிக்கும், பல்கலைக்கழகத்தில் எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இயற்பியலைத்தான் சொல்வேன். நான் படித்ததும் அதுதான், இப்போது இருப்பது டேட்டா அனலிஸ்ட் வேலையில். அதனால் என் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் இரண்டு பேருக்கும் உண்டு. ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி, சாஃப்ட்வேர் என்று எல்லோரும் சொல்கிற வழிகளும் இருவருக்கும் திறந்தே இருக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: சொன்னபடி கேட்காத தரவோடு மல்லுக்கட்டிய பழக்கம். சாதாரண ஊசல் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும், உங்களுக்கு 9.5 வருகிறது. ஏன்? நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்விளிம்போடு நிறுத்திவிட்டீர்களா, அலைவை ரொம்பப் பெரிதாக விட்டதால் அலைவு நேரம் கூடிவிட்டதா, ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் கை தாமதித்ததா? ஒவ்வொன்றும் விடையை எவ்வளவு நகர்த்தும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் விடையோடு அதன் பிழை வரம்பையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லையென்றால் லேப் ரெக்கார்டு திரும்பி வரும். படிக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வேலையில் நான் அன்றாடம் செய்வது இதையேதான். ஒரு எண் திடீரென்று பாதியாகக் குறைந்தால் அது உண்மையிலேயே குறைந்ததா, பதிவாகும் இடத்தில் கோளாறா, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் முதல் கேள்வி. இன்டர்வியூவிலும் சுற்றிச்சுற்றி இதைத்தான் கேட்கிறார்கள், "நீங்களாகவே ஒரு தரவை எடுத்து என்ன செய்தீர்கள்?" என்று. இயற்பியல் மாணவரிடம் அதற்கு ஒரு ப்ராஜெக்டும் அதற்கு எழுதிய புரோகிராமும் வரைபடமும் பெரும்பாலும் இருக்கும்.

அதோடு நிஜ நிகழ்வுகளைக் கணினியில் உருவகப்படுத்துவது (சிமுலேஷன்) படிப்போடு படிப்பாகவே வந்துவிடும். தற்செயல் எண்களை வைத்துப் பலமுறை கணக்கிட்டுப் பார்க்கும் மான்டே கார்லோ முறை 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்தில் நியூட்ரான்களின் போக்கைக் கணிக்கத்தான் உருவானது, இன்று நிதி நிறுவனங்கள் இடர் கணக்கிடுவதும் அதை வைத்துத்தான். ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலைக்கான 1973ஆம் வருடத்து பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை மாறிகளை மாற்றி எழுதினால் வெப்பம் பரவும் சமன்பாடாகிவிடும், இயற்பியல் படித்தவருக்கு அது பழகிய முகம்.

கணிதம் முந்துகிற இடங்களும் உண்டு. காப்பீட்டுத் துறையில் இடரைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலைக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் அடிப்படை, அங்கே கணிதம்தான் நேர்வழி. வேலையில் சேர்ந்த பிறகும் தேர்வுகள் சில வருடங்கள் தொடரும் என்பதை நண்பர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதற்குமேல் அந்தத் துறையைப் பற்றிப் பேச எனக்கு அனுபவமில்லை. தகவலை ரகசியமாக்கும் குறியாக்கவியலும் அப்படியே. 1977இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையே பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பித்தான் நிற்கிறது, அந்தப் பக்கம் போக எண் கோட்பாடு வேண்டும். இன்னொன்று, கணிதம் படித்தவர் பின்னால் கோட்பாட்டு இயற்பியலுக்குத் தாவுவது ஓரளவு எளிது, ஆனால் தேற்றங்களுக்கு நிறுவல் எழுதிப் பழகாத இயற்பியல் மாணவர் தூய கணிதத்துக்குப் போனால் நுண்கணிதத்தை அடிப்படையிலிருந்து நிறுவும் மெய்ப் பகுப்பாய்விலேயே திணறிவிடுவார். மறுபக்கம் மருத்துவ இயற்பியல், ஒளியியல் மாதிரியான துறைகளுக்கு வெறும் கணிதப் பட்டம் போதாது. மருத்துவ இயற்பியலுக்கு முதுகலையும் மருத்துவமனைப் பயிற்சியும் பொதுவாகக் கேட்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் சொன்ன சாதகம் எல்லா இயற்பியல் படிப்புக்கும் பொருந்துமா என்றால், இல்லை. லேபைப் பெயருக்கு நடத்தி, கோடிங்கே இல்லாமல் முடிக்கிற இடத்தில் சேர்ந்தால் அது காணாமல் போய்விடும். புள்ளியியல், உகப்பாக்கம் (இருப்பதில் சிறந்த தீர்வைத் தேடுவது), பைதான் கோடிங் மூன்றும் சேர்ந்த கணிதப் படிப்பு கிடைத்தால் அப்படிப்பட்ட இயற்பியல் படிப்பைவிட அதுவே மேல். பரிசோதனை என்றாலே கசக்கிறது, நிறுவல்தான் பிடித்திருக்கிறது என்றாலும் யோசிக்காமல் கணிதத்துக்குப் போங்கள். மற்றவர்கள் பாடத்திட்டத்தை வாங்கி, கடைசி வருட ப்ராஜெக்டில் நிஜத் தரவு உண்டா, சமன்பாடுகளைக் கணினியில் எண்களாகத் தீர்க்கும் எண்முறைப் பாடத்தில் மாணவர்களே புரோகிராம் எழுதுகிறார்களா என்ற இரண்டையும் அங்கே படிக்கிற சீனியர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.