அடைசலை எடுக்க வந்தவர்கள் எடுத்துப்போனதும் வைத்துப்போனதும்

கண்ணில் படும் பொருளையும் அலங்காரத்தையும் குறைக்கும் மினிமலிஸ்ட் பாணியில் வீட்டை மாற்றப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டை மாற்றித் தருவதாக ஒப்பந்தம் போட்ட நிறுவனம் எங்களை இரண்டு பக்கமும் ஏமாற்றியது. வீட்டிலிருந்து எடுத்துப்போன சாமானுக்குக் கணக்குக் காட்டவில்லை. அதற்குப் பதிலாக வைத்த சாமான் சொன்ன சாமானாக இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே வேலையை இதே வழியில் வேறு யாரும் செய்யலாம், அதனால் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

கோபம் அந்தப் பாணியின் மேல் இல்லை. கண்ணில் படும் பொருள் குறைந்த வீடு எனக்கு இன்றும் பிடிக்கும். சுத்தம் செய்வது சுலபம், தேடும் வேலை குறையும், சின்ன அறைகூட மூச்சு விடும். அந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்தவர்கள் மேல்தான் கோபம்.

முதல் சந்திப்புக்கு வந்த டிசைனர் காட்டிய முதல் படம் பார்சிலோனா பெவிலியன். 1929-இல் பார்சிலோனாவில் நடந்த கண்காட்சிக்காக ஜெர்மானிய வடிவமைப்பாளர்கள் மீஸ் வான் டெர் ரோவும் லில்லி ரெய்க்கும் சேர்ந்து வடிவமைத்த கட்டடம். 1930-இல் பிரித்துவிட்டார்கள், 1986-இல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். ‘குறைவாக இருந்தால் இவ்வளவு அழகு’ என்று அவர் சொன்னபோது எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே அலங்காரம்தான் குறைவு, பொருளில் குறை வைக்கவில்லை. சுவர்களுக்கு ஓனிக்ஸ், பச்சைப் பளிங்கு, டிராவர்டைன் என்று தேர்ந்தெடுத்த கற்கள், அதற்கேற்ற நுணுக்கமான வேலை. பூ வேலையோ அலங்காரப் பட்டையோ எதுவும் இல்லாத இடத்தில் பொருளும் இணைப்பும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த இரண்டில்தான் கை வைத்தார்கள்.

திட்டத்தின் முதல் கட்டம் வீட்டிலுள்ள சாமானை ஒழிப்பது. இரண்டு பேர் ஸ்டிக்கரோடு வந்தார்கள். பச்சை ஒட்டினால் வீட்டில் இருக்கும், மஞ்சள் ஒட்டினால் விற்கப்படும், சிவப்பு ஒட்டினால் குப்பை. விற்றுவரும் தொகையைக் கடைசி பில்லில் கழித்துக்கொள்வோம், விற்காததை நன்கொடையாகக் கொடுத்து ரசீது வாங்கித் தருவோம் என்றார்கள். கேட்க நியாயமாக இருந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் மளமளவென்று போயின. அப்புறம் அம்மாவின் தேக்கு மர பீரோவுக்கு வந்தார்கள்.

மூன்று தட்டு, நடுவில் பூட்டுப் போட்ட இழுப்பறை, ஓரமெல்லாம் கைவேலை. ஆணி அதிகம் இல்லாமல் மரத்தோடு மரம் கோத்துச் செய்தது. ஒரு கதவு மட்டும் லேசாக இறங்கி உரசும். அம்மா அந்த இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். ‘இது ஒண்ணு போனா ரூம் எவ்வளவு பெருசா தெரியும் பாருங்கம்மா’ என்றார் வந்தவர். பீரோவை வைத்துக்கொண்டே மற்றதைச் செய்ய முடியாதா என்று நான் கேட்டதற்கு, ‘டிசைனே கெட்டுப்போகும் சார். நல்ல விலைக்கு எடுக்க ஆள் இருக்கு, நாங்க பார்த்துக்கிறோம்’ என்று பதில் வந்தது. அந்த வாக்கின் பேரில்தான் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

வண்டி கிளம்பும்போது கொடுத்த சீட்டில் ‘பழைய பொருட்கள், ஒரு வண்டி’ என்று மட்டும் இருந்தது. பட்டியல் கேட்டபோது அலுவலகத்திலிருந்து மெயிலில் வரும் என்றார்கள். வரவில்லை. கடைசி பில்லில் ‘பழைய பொருள் வகையில் கழிவு’ என்று ஒரே வரி, மிகச் சிறிய தொகை. பீரோ எத்தனைக்குப் போனது, யார் வாங்கினார் என்று கேட்டால் ஒருவர் நன்கொடைக்குப் போனது என்றார். இன்னொருவர் உடைந்திருந்ததால் விறகுக்குப் போனது என்றார். வண்டியில் ஏற்றும்போது அது உடைந்திருக்கவில்லை. ஏற்றியதை என் தங்கை போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். இப்போது எங்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சி அதுதான்.

அதனால் சாமான்களை ஒழிக்கும் வேலையை வீடு செய்து தருபவரிடமே கொடுக்காதீர்கள். உங்கள் பொருளில் எது பயனில்லாதது என்று முடிவு செய்கிறவரே அதற்குப் பதிலாகப் புதியதை விற்கிறவராகவும் இருந்தால், எல்லாமே அவர் கண்ணுக்கு அடைசலாகத்தான் தெரியும். நீங்களே சில மாதம் எடுத்துக்கொண்டு சாமானை நிதானமாக ஒழித்துவிடுங்கள். கொடுக்க வேண்டியதை நீங்களே கொடுங்கள், விற்க வேண்டியதை நீங்களே விற்றுவிடுங்கள். மிஞ்சியதைப் பார்த்த பிறகு டிசைனரைக் கூப்பிட்டால் போதும். இதில் பணமும் மிச்சம். எங்கள் வேலையைச் செய்த நிறுவனம் கேபினெட்டின் முன்பக்கப் பரப்பை அளந்து பில் போட்டது. அப்படிக் கணக்குப் போடுகிறவருக்கு அலமாரி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வருமானம். பாதிச் சாமானை வெளியேற்றிய வீட்டில் முன்பைவிட அதிக அலமாரி வந்தது. தரையிலிருந்து கூரை வரை வெள்ளைக் கதவுகள். படத்தில் வெறும் சுவர் போலத் தெரிந்தவை எல்லாம் அளந்து பில் போட்ட கதவுகள்தான்.

இனி அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்ததைப் பற்றி.

கொட்டேஷனில் ‘18 மி.மீ. நீர்புகா பிளைவுட்’ என்று எழுதியிருந்தது. கதவு மட்டுமா, பெட்டி முழுக்கவா என்று கேட்டேன். முழுக்க என்றார்கள். வேலை நடக்கும்போது ஒரு கீலைக் கழற்றி, கீல் கிண்ணம் உட்காரும் 35 மி.மீ. குழியைக் காட்டினார் மேற்பார்வையாளர். குழியின் சுவரில் பிளைவுட்டின் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. பார்க்கிற யாருக்கும் அது போதுமான நிரூபணம். ஆனால் அந்தக் குழி இருப்பது கதவில். கதவு மட்டும்தான் பிளைவுட்.

உண்மை வெளியே வந்தது சிங்க்கின் கீழே. குழாய் இணைப்பு ஒன்று கசிந்தது. தண்ணீர் வருவதை நிறுத்தலாம் என்றால் வால்வைக் காணோம். பழைய சமையலறையில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த வால்வை, பின்பலகையை நிலையாக அடித்து மூடியிருந்தார்கள். சுவரில் எதுவும் தெரியக்கூடாதாம். வீட்டின் முதன்மை வால்வை மூடிவிட்டு, தெரிந்த தச்சரை அழைத்து வந்தோம். அவர் பின்பலகையை அறுத்தார். கீழ்த்தட்டின் ஓரம் உப்பி, மேலே ஒட்டிய லேமினேட் தனியாக எழும்பி நின்றது. உப்பிய இடத்தை விரலால் தொட்டார், மரத்தூளும் சீவலுமாக உதிர்ந்தது. ‘பார்ட்டிகிள் போர்டு சார் இது. குழாய் போற ஓட்டையைப் பாருங்க, வெட்டின பக்கம் தெரியக்கூடாதுன்னு சிலிக்கான் பூசியிருக்காங்க’ என்றார். கத்தியால் அந்தப் பூச்சைச் சீவினார். அடுக்கு எதுவும் இல்லை, வெறும் தூள். தடிமனையும் அளந்து பார்த்தார். 16 மி.மீ.தான் இருந்தது. பிறகு படுக்கையறை அலமாரிகளையும் பார்த்தோம். எல்லாம் அதே கதை.

மரத்தூளையும் சீவலையும் பசையோடு அழுத்திச் செய்யும் பலகைதான் பார்ட்டிகிள் போர்டு. அது என்பதே மோசடி இல்லை. ஈரம் படாத அறையில், அதிகச் சுமை ஏற்றாத தட்டுக்கு, அதற்குரிய விலையில், சொல்லிவிட்டு வைத்தால் குற்றமில்லை. ஆனால் தண்ணீர் குடித்து ஒருமுறை உப்பினால் அது பழையபடி சுருங்காது. அதே ஓட்டையில் திருகாணியை மறுபடி முடுக்கினால் பிடிப்பதில்லை. சிங்க்கின் கீழே அதை வைப்பது, அதுவும் நீர்புகா பிளைவுட் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வைப்பது, தெரிந்தே செய்த ஏமாற்று.

இன்னொரு விஷயம் உடம்பு சம்பந்தப்பட்டது. வேலை முடிந்த பிறகு வெகுநாள் படுக்கையறை அலமாரியைத் திறந்தால் நெடி அடிக்கும், கண் எரியும். புது வாசனை, தானே போய்விடும் என்றார்கள். பார்ட்டிகிள் போர்டிலும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையிலும் தூளையும் நாரையும் ஒட்டப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து ஃபார்மால்டிஹைட் வாயு மெதுவாக வெளியேறும். பிளைவுட்டிலும் பசை உண்டு, ஆனால் பொதுவாக அளவு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. பலகையின் ஓரங்களை எட்ஜ் பேண்டிங் (வெட்டிய ஓரத்தில் ஒட்டும் பட்டை) போட்டு முழுதாக மூடினால் வாயு வெளியேறுவது குறையும். எங்கள் அலமாரிகளில் முன் ஓரத்துக்கு மட்டும்தான் எட்ஜ் பேண்டிங். பின் ஓரம், கீழ் ஓரம், குழி, ஓட்டை எல்லாம் திறந்தே கிடந்தன. உங்களிடம் யாராவது இந்த வகைப் பலகையைப் பரிந்துரைத்தால், ஃபார்மால்டிஹைட் வெளியேற்ற வகை ஈ1-ஆ (வாயு வெளியேறும் அளவுக்கு வரம்பு வைக்கும் தரவகை), அதைவிடக் குறைவா என்று கேட்டு, பலகை தயாரித்தவர் கொடுத்த சான்றை வாங்கிப் பாருங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

பார்க்க வேண்டிய இடம் கீல் குழி அல்ல. உயரமான அலமாரியின் மேல் விளிம்பு, கீழ்த்தட்டின் அடிப்பக்கம், குழாயும் வயரும் போகும் ஓட்டைகள், தட்டு தாங்கும் ஊசி ஓட்டைகள், இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, பலகை வந்து இறங்கும் நாளில், வெட்டுவதற்கு முன் பார்ப்பது. பட்டறையிலேயே செய்து முடித்துத்தான் கொண்டுவருவோம் என்றால், வெட்டி மிஞ்சிய துண்டுகளை உடன் அனுப்பச் சொல்லுங்கள். கொட்டேஷனில் ‘பிளைவுட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விடாதீர்கள். கதவு, பக்கப்பலகை, தட்டு, பின்பலகை என்று தனித்தனியாகப் பொருளும் தடிமனும் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணை, இதையெல்லாம் உங்கள் ஆள் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு என்று எழுதுங்கள்.

சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கை எடுத்துவிட்டால் நேர்கோடு அழகாக வரும் என்றும் சொன்னார்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் வரும் கோணலை மறைப்பதும், மாப் தண்ணீரைத் தாங்குவதும் ஸ்கர்ட்டிங்தான். அதை எடுப்பதென்றால் அடிச்சுவரைப் புதிதாக மட்டம் பார்த்துப் பூச வேண்டும். எங்கள் வீட்டில் எடுத்தது மட்டும்தான் நடந்தது. தரை ஓரத்தில் பெயிண்ட் செதில் செதிலாக வருகிறது. கைப்பிடி இல்லாத கதவுகளிலும் இதே குறைதான். தள்ளினால் திறக்கும் கதவுக்கு, அழுத்தும்போது உள்ளே போக இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி வேண்டும், எல்லாக் கதவிலும் அது ஒரே சீராக இருக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டில் கீல் கொஞ்சம் தளர்ந்ததுமே கதவு உரச ஆரம்பித்தது.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3டி படத்தில் பிளக் பாயிண்ட், வயர், குப்பைக்கூடை, துடைப்பம், செருப்பு எதுவும் இருக்காது. வீட்டில் இவை எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று அந்தப் படத்தின் மேலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். குறிக்க மறுக்கும் டிசைனரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இப்போதைய நிலை இது. நிறுவனம் சிங்க்கின் கீழ்த்தட்டை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னது, அதுவும் அதே வகைப் பலகையில். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தச்சர் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். கொட்டேஷன், வண்டியின் போட்டோ, வெட்டிய துண்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அதற்காகத் தினம் போன் வருகிறது, எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் பதில் சொல்கிறோம். பீரோவைப் பற்றி இன்னும் எழுத்தில் எந்தப் பதிலும் இல்லை. சமையலறையின் கீழ்வரிசையை அந்தத் தச்சரே நிஜமான பிளைவுட்டில் மறுபடி செய்கிறார். வால்வுக்கு நேராகக் கையால் கழற்றக்கூடிய பலகை ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறோம்.