பொதியில் வந்த றிபன் வளையம்: கால்வாசி கூட நிறையவில்லை

நத்தாருக்கு முன்னர் வாசற்கதவில் மாட்டுவதற்கு றிபன் வளையம் ஒன்றை என் கையாலேயே செய்துவிடவேண்டும் என்ற ஆசையில், இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 2,900 ரூபாவுக்குச் செய்முறைப் பொதியொன்றை வாங்கினேன். 12 அங்குலக் கம்பிச் சட்டம், ஓர் அங்குல அகலத்தில் மூன்று நிறங்களாக மொத்தம் 10 யார் சாட்டின் றிபன், இரண்டு பசைக் குச்சிகள், செய்முறைத் தாள் ஆகியவை மூன்றாம் நாள் வெள்ளவத்தையில் உள்ள எமது தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தன. மேலட்டையில் கொட்டை எழுத்தில் ‘மலர்வளையம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். எம்மவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே செத்தவீடுதான் நினைவுக்கு வரும், மாமி பெட்டியைப் பார்த்ததும், “நல்லநாள் பெருநாளிலை இதை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ள கொண்டு வாறீர்?” என்று முகம் சுளித்தார்.

சட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு கம்பி வளையங்கள் இருந்தன. பற்றவைத்த இடங்களில் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் குத்தவில்லை. இரு கைகளாலும் அழுத்தியபோதும் வளையவில்லை. ஏமாற்றம் றிபனில்தான் இருந்தது. துண்டொன்றை 7 அங்குல நீளத்தில் வெட்டிக் கம்பியில் முடிச்சுப் போடவேண்டும் என்று செய்முறைத் தாளே சொல்கிறது. 10 யார் என்பது 360 அங்குலம். அதிலிருந்து கிடைப்பவை 51 துண்டுகள் மட்டுமே. நான்கு கம்பிகளும் வெளியே தெரியாதபடி நிறைப்பதற்கு எனக்கு ஏறத்தாழ 230 முடிச்சுகள் தேவைப்பட்டன. அதாவது, மேலட்டைப் படத்தில் புசுபுசுவென்று நிறைந்திருக்கும் அந்த வளையத்தின் கால்வாசியைக்கூட, பொதியில் உள்ள றிபனைக் கொண்டு செய்ய முடியாது. மேலும் தேவைப்படும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன்.

பசைக் குச்சியின் கதை அதைவிட மோசம். குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன் பொதியில் இல்லை. வீட்டில் இருந்ததோ 11 மில்லிமீற்றர் குச்சிக்கு உரியது. அவர்கள் அனுப்பியவை 7 மில்லிமீற்றர் குச்சிகள் என்பதால், விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் குச்சி முன்னே நகராமல் உள்ளுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டிருந்தது. அயல்வீட்டில் சிறிய கன் ஒன்றை இரவல் வாங்கி, நடுவில் வரும் பெரிய பூமுடிச்சை ஒட்டினேன். எமது வாசல் மேற்குப் பார்த்தது. நான்காம் நாள் பின்னேர வெயிலில் பசை இளகிப் பூமுடிச்சு கீழே கிடந்தது. மெல்லிய கம்பியால் கட்டிய பிறகு அது அசையவில்லை. ஆகவே கொழும்பு வெயில் படும் கதவுக்குப் பசையை நம்பவேண்டாம்.

சாட்டின் றிபனின் வெட்டுமுனை நூல் நூலாகப் பிரியும் என்பதைப் பற்றியும் தாளில் ஒரு சொல் இல்லை. பொலியெஸ்டர் றிபனாக இருந்தால், முனையை மெழுகுதிரிச் சுடருக்கு அருகே, சுடரில் படாமல் ஒரு கணம் காட்டினால் ஓரம் உருகி இறுகிவிடும். பருத்தித் துணியில் இந்த வேலை ஆகாது. அது உருகாது, எரியும்.

மீதி முக்கால்வாசியை நிறைப்பதற்காக 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடிட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி உள்ள துணிக்கடையொன்றில், 44 அங்குல அகலப் பருத்தித் துணியில் சிவப்புக் கட்டம் போட்டது அரை யார், சந்தன நிறம் அரை யார் வாங்கினேன். எதற்கு என்று கேட்ட கடைக்கார நானாவிடம் விடயத்தைச் சொன்னதும், “கத்திரி வேணாம் தங்கச்சி, ஓரத்துல சின்னதா வெட்டிட்டுக் கிழிங்க, நேரா வரும்” என்றார். அங்கேயே ஓர் ஓரத்தை வெட்டிச் சர்ரென்று கிழித்தும் காட்டினார். கரை முதல் கரை வரை, இழை பிசகாமல் ஓர் அங்குலப் பட்டி அவர் கையில் தொங்கியது. அப்படிக் கிழித்தால் ஓரத்தில் மெல்லிய நூல் தும்பு நிற்கும்; வளையத்துக்கு அதுவே அழகு. ஒவ்வொரு அரை யாரிலும் 18 பட்டிகள், பட்டிக்கு ஆறு துண்டுகள் என்று இரண்டிலுமாக 216 துண்டுகள் வந்தன. விலை பொதிக்குக் கொடுத்ததில் பாதியைக்கூட எட்டவில்லை.

பருத்தித் துண்டுகளுக்கு நடுவே ஆங்காங்கே ஒரு சாட்டின் துண்டு என்று முடிந்துகொண்டு போனபோதுதான் பொதியின் றிபனுக்கும் ஒரு மதிப்பு வந்தது. தனியே பார்த்தபோது மலிவாகத் தெரிந்த அந்தப் பளபளப்பு, மங்கலான துணிக்கு நடுவே நன்றாக எடுபட்டது. மாமியும் கடைசி நாற்பது, ஐம்பது முடிச்சுகளைத் தாமே போட்டார். பெயரை மட்டும் ‘கதவு வளையம்’ என்று மாற்றிவிட்டார்.

மூன்று வாரங்களில் வேறொரு குறையும் தெரிந்தது. கடற்காற்று படும் இடம் என்பதால், சட்டத்தின் பச்சைப் பூச்சு உரிந்த இரண்டு இடங்களில் துருப் பிடித்து, வெள்ளை றிபனில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. முடிச்சுப் போடுவதற்கு முன்னர் சட்டத்துக்கு ஒருதரம் பெயின்ற் அடித்திருக்கவேண்டும்.

என் தங்கைக்கும் ஒன்று செய்வதற்காக, சட்டத்தை மட்டும் தனியே தருவீர்களா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். பொதியாகத்தான் தரமுடியும் என்றும், இரண்டு பொதிகள் எடுத்தால் றிபன் போதும் என்றும் பதில் வந்தது.